காய் வாங்கப் போனால் முதலில் காம்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து ஆறு மாதம் ஆகிறது. காய்கறி வாங்குவது என் வேலை. வெண்டைக்காய் வாங்கினால் முற்றல், கத்தரிக்காய் வாங்கினால் புழு, மாம்பழம் வெளியே தங்கம் மாதிரி இருக்கிறது, உள்ளே புளி. எப்படித்தான் பார்த்து வாங்குவது?"

திருச்சி காந்தி மார்க்கெட்டில் எங்கள் அப்பா பதினைந்து வருஷத்துக்கும் மேல் சில்லறைக் காய்கறிக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் எனக்கு அந்தக் கடையில்தான் போனது. கடைக்காரனாக வாடிக்கையாளர்களைப் பார்த்தவன் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கூடைக்கு முன்னால் வந்து நின்று, மேலாக இருக்கும் பளபளப்பான நாலு காயை எடுப்பவரைப் பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிடும், இவருக்குக் காய் வாங்கத் தெரியாது என்று. பளபளப்பு தண்ணீர் தெளித்தால் வந்துவிடும். காம்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. பறித்த நேரத்திலிருந்து அது காய்ந்துகொண்டே வரும், என்ன தண்ணீர் தெளித்தாலும் பழைய பச்சை திரும்பாது. அதனால் எந்தக் காயை எடுத்தாலும் தலைகீழாகத் திருப்பிக் காம்பைப் பாருங்கள். வெட்டிய இடம் பச்சையாக, கொஞ்சம் ஈரமாக இருந்தால் நேற்று இரவு லோடில் வந்தது. பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் கடையில் இரண்டு மூன்று நாள் இருந்தது. காம்பையே கிள்ளி எறிந்துவிட்டு விற்கிறார்கள் என்றால் ஏன் கிள்ளினார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய்க்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த வழி நுனியை ஒடித்துப் பார்ப்பது. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொண்டே போனால் முற்றல். சரிதான், ஆனால் ஒடித்த காயை வாங்காமல் வைத்துவிட்டுப் போனால் அது சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும், அடுத்து யாரும் எடுக்க மாட்டார்கள். எங்கள் கடையில் ஒரு அம்மா அரைக் கிலோ வாங்க நாற்பது காயை ஒடிப்பார், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஒடிக்காமலே கண்டுபிடிக்கலாம். காயை விரலிடுக்கில் வைத்து நடுவில் லேசாக அழுத்துங்கள், பிஞ்சு இதமாக அமுங்கும், முற்றல் குச்சி மாதிரி நிற்கும். மேலே மெல்லிய சுணை இருக்க வேண்டும், வரப்பு வரப்பாக விளிம்பு புடைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு, முற்றல் என்றால் பழைய காய் என்று நினைக்கிறார்கள். இல்லை. பூத்து ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய் அது, ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்தில் பறிப்பு நடக்கும். ஆள் கிடைக்காமல் ஒரு பறிப்பு தள்ளிப்போனால் அன்றைக்குப் பறித்த புத்தம்புது காயும் நாராகத்தான் இருக்கும். புதுசு வேறு, பிஞ்சு வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கத்தரிக்காய்ப் புழு. ஓட்டை இருந்தால் உள்ளே புழு, ஓட்டை இல்லாவிட்டால் நல்ல காய் என்று எல்லோரும் நம்புகிறோம், இது பாதிதான் உண்மை. காய்த்துளைப்பான் புழு பொடியாக இருக்கும்போதே உள்ளே போய்விடும். போன வழி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, அதையும் தன் கழிவால் அடைத்துவிடும். நீங்கள் பார்க்கும் பெரிய ஓட்டை பெரும்பாலும் அது வளர்ந்து வெளியே போன வழி! அதனால் ஓட்டை இல்லாத காயிலும் புழு இருக்கலாம், ஓட்டை இருக்கும் காயில் புழு கிளம்பிப் போயிருக்கலாம் (அந்தக் காயும் நமக்கு வேண்டாம், உள்ளே கறுத்திருக்கும்). பார்க்க வேண்டிய இடம் காம்புக்கு அடியில் இருக்கும் பச்சைத் தொப்பியின் ஓரம். அங்கே பழுப்பாக ஒரு புள்ளி, அதில் மரத்தூள் மாதிரி துளி ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம் எடை. ஒரே அளவில் இரண்டு காயை இரு கையிலும் எடுத்துப் பாருங்கள், கனமாக இருப்பதில் விதை முற்றியிருக்க வாய்ப்பு அதிகம், அது கசக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து உடனே மேலே வர வேண்டும். குழி அப்படியே நின்றால் வாடல். தோல் மினுமினுப்பு போய் மங்கலாக, அங்கங்கே மஞ்சள் ஓடியிருந்தால் செடியிலேயே முற்றியது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி கிடைத்தால் விடாதீர்கள், காம்பில் முள் குத்தும், குத்தினால்தான் அது புதுசு, நாளானால் முள்ளும் துவண்டுவிடும்.

முருங்கைக்காயை இரண்டு முனையிலும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் சதைப்பற்று இருக்கிறது, மரக்கட்டை மாதிரி விறைத்தால் சக்கைதான். விதை வெளியே புடைத்துத் தெரிந்தாலும் வேண்டாம். ரொம்ப ஒல்லியாகப் பச்சைக் குச்சி மாதிரி இருப்பதையும் சிலர் ஆசையாக எடுக்கிறார்கள், அதில் சதையே கட்டியிருக்காது, சாம்பாரில் போட்டால் கரைந்து காணாமல் போகும்.

பீன்ஸ், அவரை, கொத்தவரை எல்லாம் ஒடித்தால் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான். கோவைக்காயில் செந்நிறம் எட்டிப் பார்த்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது, வறுவலுக்கு ஆகாது. முட்டைக்கோஸ் கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்க வேண்டும். மேலிலைகளை நிறைய உரித்து வெள்ளையாக வைத்திருந்தால் அது பழைய சரக்கு, வாடியதை உரித்து உரித்து அந்த நிறத்துக்கு வந்தது. முள்ளங்கி அளவுக்கு எடை இல்லாமல் இலேசாக இருந்தால் உள்ளே பஞ்சுதான்.

சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் மூன்றுக்கும் நகம் வைத்துப் பார்ப்பது வழக்கம். நகம் இறங்கினால் பிஞ்சு. தயவுசெய்து காயின் நடுவில் குத்தாதீர்கள், காம்புப் பக்கம் ஓரமாக லேசாக வைத்தாலே தெரியும். சுரைக்காயில் நகமே வேண்டாம், மேலே பூனைமுடி மாதிரி மெல்லிய சுணை கைக்குத் தட்டுப்பட்டால் அது பிஞ்சுதான். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் இந்த வகையில் எப்போதாவது ஒரு காய் கடுமையாகக் கசக்கும். பாகற்காய்க் கசப்பு போல நினைத்து உப்புப் போட்டுச் சரிசெய்ய முடியாது. குக்குர்பிட்டாசின் என்கிற நஞ்சு அது, வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோகும், உயிர் போனதும் உண்டு. வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். காலையில் பச்சையாகச் சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

உருளைக்கிழங்கில் பச்சைத் திட்டு இருந்தால் எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையானது, அந்த இடத்தில் சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கும். முளைவிட்டதும் வேண்டாம். ஊட்டிக் கிழங்கு என்று செம்மண் ஒட்டியதைக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள், அதில் ஒரு வித்தை உண்டு, வடக்கே இருந்து வரும் கிழங்கில் செம்மண்ணைப் பூசிவிடுவார்கள். கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். நிஜமான புதுக்கிழங்கில் மண்ணோடு தோலும் மெல்லிசாக உரிந்து வரும், குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்த பழைய கிழங்கில் மண் மட்டும் உதிரும், தோல் தடிப்பாக நிற்கும். கிடங்குக் கிழங்கு லேசாக இனிக்கும், குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் அப்படி. சிப்ஸ் போட்டால் சிவந்து கறுத்துப் போவதும் அதனால்தான். வீட்டிலும் உருளையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

சின்ன வெங்காயம் வாங்கினால் கழுத்தை அழுத்துங்கள், மெத்தென்றிருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. கையில் ஒரு பிடி அள்ளினால் சலசலவென்று காய்ந்த சத்தம் வர வேண்டும். புது வெங்காயம் விலை குறைவாக இருக்கும், ஈரம் அதிகம், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க முடியாது. சாம்பாருக்கு இன்றைக்கே வேண்டுமென்றால் அது போதும், மாதத்துக்குச் சேர்த்து வாங்குவதானால் பழசையே கேட்டு வாங்குங்கள். காய்கறிக் கடையில் பழசு நல்லது என்று சொல்லும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும் (இஞ்சியையும் சேர்த்துக்கொள்ளலாம், காரம் பழைய இஞ்சியில்தான்).

கீரை காலையில் மட்டும். சாயங்காலம் தண்ணீர் அடித்து நிமிர்த்தி வைத்த கட்டு, கட்டை அவிழ்த்தால் நடுவில் சூடாக இருக்கும், புழுங்கிய வாசனை வரும். வேரில் மண் ஈரமாக இருக்கிறதா, நடுத்தண்டு ஒடிகிறதா, பூ விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூ விட்டால் முற்றல். இலையில் பூச்சி கடித்த ஓட்டை நாலு இருந்தால் அதை ஒரு குறையாகவே எடுக்க வேண்டாம், நான் அந்தக் கட்டைத்தான் எடுப்பேன். உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் கீரைக்கும் நாட்டுக்காய்க்கும் அங்கே போங்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதலில் தொடங்கியது, அப்புறம் பல ஊருக்கும் வந்தது, விளைவித்தவரே உட்கார்ந்து விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. விலைப் பலகை வாசலிலேயே இருக்கும். விடிகாலையில் போனால் காம்பு பச்சையாக இருக்கும் காய் கிடைக்கும். ஒன்பது மணிக்குப் போய்விட்டு அங்கே ஒன்றும் நன்றாக இல்லை என்று சொல்லக்கூடாது.

இனிப் பழம். இங்கே காம்பைவிட முக்கியமாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: எந்தப் பழம் பறித்த பிறகும் பழுக்கும், எது பழுக்காது என்று. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, சீத்தா, பலா, தக்காளி இவையெல்லாம் முற்றிய காயாகப் பறித்தாலும் வீட்டில் இருந்து பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, மாதுளை, அன்னாசி, தர்பூசணி இவை பறித்த அன்றைக்கு என்ன இனிப்போ அதுதான் கடைசி வரைக்கும். வீட்டில் வைத்தால் வாடும், அழுகும், இனிப்பு ஏறாது. "ரெண்டு நாள் வச்சுச் சாப்பிடுங்க, இனிச்சிரும்" என்று அன்னாசிப் பழத்துக்கு ஒரு கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்கள் மாம்பழப் பிரச்சினை முதல் வகையில் வருகிறது. முற்றாத காயைப் பறித்துப் பழுக்க வைத்தால் நிறம் வரும், இனிப்பு வராது, அதைத்தான் வெம்பல் என்பார்கள். சீசன் தொடக்கத்தில், ஏப்ரல் மாத முதல் விலைக்கு ஆசைப்பட்டுப் பறிப்பதில் இது அதிகம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதும் இந்த அவசரத்தில்தான். ஈரம் பட்டால் அதிலிருந்து அசெட்டிலீன் வாயு வரும், கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதியில் அதற்குத் தடை. எத்திலீன் வாயு செலுத்தும் அறையில் பழுக்க வைக்க அனுமதி உண்டு, பழம் இயற்கையாகத் தானே விடும் வாயு அதுதான். ஆகவே "அறையில் பழுக்க வைத்தது" என்று கேட்டதும் பதற வேண்டாம், முற்றிய காயை வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

முற்றியதா என்று எப்படிப் பார்ப்பது? காம்பு இருக்கும் இடத்தில் பழத்தின் இரண்டு பக்கத் தோளும் மேலே எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தோள் சரிந்து காம்பு மேட்டில் நின்றால் பிஞ்சிலே பறித்தது. அப்புறம் மூக்கு. காம்புப் பக்கம் முகர்ந்தால் பழ வாசனை வர வேண்டும், முழுசும் ஒரே மஞ்சளாக இருந்து வாசனையே இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். நிறத்தை நம்பவே நம்பாதீர்கள், எங்கள் ஊர்ப் பக்கம் பெயர்பெற்ற இமாம்பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை கலந்துதான் இருக்கும், விஷயம் தெரியாதவர்கள் காய் என்று ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் மஞ்சளாக மின்னுவதை வாங்கிப் போவார்கள். வாளித் தண்ணீரில் போட்டால் மிதப்பது கார்பைடு பழம், மூழ்குவது நல்ல பழம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. முற்றிய மாங்காய் தண்ணீரில் மூழ்கும் என்பது நிஜம், ஆனால் அது எப்போது பறித்தார்கள் என்பதைத்தான் சொல்லும், எதை வைத்துப் பழுக்க வைத்தார்கள் என்பதைச் சொல்லாது. அப்புறம் நீலம் பழத்தில் ஒரு கீறல்கூட வெளியே இல்லாமல் கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்குமே, அது பிஞ்சிலேயே இட்ட முட்டை, காய் வளர வளரக் காயம் மூடிவிடும். அதைக் கடையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

வாழைப்பழத்தில் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா என்று பாருங்கள், கட்டம் கட்டமாக முனை தெரிந்தால் விளையாமல் வெட்டிய தார். பழம் பளிச்சென்று மஞ்சள், காம்பு மட்டும் பச்சை என்றால் அவசரமாகப் பழுக்க வைத்தது. பூவன், கற்பூரவள்ளி இதையெல்லாம் தோலில் கரும்புள்ளி விழும்போது சாப்பிட்டால்தான் ருசி. சிறுமலை, விருப்பாச்சி மலைவாழை இன்னும் மோசமாகத் தோற்றமளிக்கும், தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும்போதுதான் உள்ளே தேன்.

சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் முற்றவில்லை, அது பழுத்தாலும் துவர்க்கும். சீத்தாப்பழத்தில் கண்ணுக்குக் கண் இடைவெளி விரிந்து வெளுத்திருக்க வேண்டும். பலாவில் முள் மழுங்கி இடைவெளி விட்டிருந்தால் விளைந்தது. மாதுளை உருண்டையாக அழகாக இருப்பதைவிடப் பக்கங்கள் தட்டையாகி, கோணல்மாணலாக இருப்பது நல்லது, முத்துகள் நிறைந்து தோலை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். சாத்துக்குடியில் பச்சை நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மஞ்சள் ஏறுவதற்கு இரவுக் குளிர் வேண்டும், நம் வெயிலில் பச்சையாகவே இனிக்கும். கனமாக, தோல் வழவழப்பாக இருந்தால் எடுங்கள். திராட்சைக் கொத்தைத் தூக்கி லேசாக உதறினால் உதிரக்கூடாது.

தர்பூசணிக்குத் தரையில் படிந்திருந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சீக்கிரம் பறித்தது, வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தால் கொடியில் நன்றாக விளைந்தது. தட்டிப் பார்க்கும் கலை எனக்கு இன்றைக்கும் முழுசாகக் கைவரவில்லை, அப்பா தட்டினால் மட்டும் சரியாக இருக்கும். 2025 கோடையில் ஊசியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு பரவித் தமிழ்நாட்டில் தர்பூசணி விலை தரைக்கு வந்தது, விவசாயிகள் பாடு பரிதாபம். யோசித்துப் பாருங்கள், ஊசி குத்திய பழம் அந்த ஓட்டை வழியாகவே வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும், ஏற்றிய சாயமும் ஊசி போன இடத்தில் திட்டாக நிற்குமே தவிரப் பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. அந்தச் சிவப்பு லைகோபீன் என்ற, பழத்திலேயே இருக்கும் இயற்கை நிறமியால் வருவது. வெட்டி வைத்த துண்டை ஈ மொய்க்கும் கடையில் வாங்குவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

கடைசியாகத் தேங்காய். ஆட்டினால் தண்ணீர் சத்தம் வர வேண்டும், நாணயத்தால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், மூன்று கண்ணும் காய்ந்து இருக்க வேண்டும், கண்ணில் ஈரக்கசிவோ பூஞ்சையோ இருந்தால் உள்ளே போயாச்சு. குடுமியை முழுசாகப் பிய்த்துவிட்ட காயை எடுக்காதீர்கள், கண் திறந்துகொண்டு சீக்கிரம் கெடும். இவ்வளவும் பார்த்து எடுத்தாலும் பத்தில் ஒன்று உடைத்தால் அழுகலாக இருக்கும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. இரண்டு மூடியையும் அப்படியே கொண்டுபோய்க் கடையில் காட்டுங்கள், தேங்காய்க்கு மட்டும் மாற்றிக் கொடுப்பது எங்கள் மார்க்கெட் வழக்கம். அப்பா மாற்றிக் கொடுத்துவிட்டு அந்த அழுகல் மூடியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, "மண்டிக்காரனுக்கு நாளைக்கு இருக்கு" என்பார்.